கொல்லிமலை வேடனும் கூத்து வேஷமும்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளும் பென்சிலும் நடுவே சில பகடைகளும் வைத்துக்கொண்டு, விண்மீன்களுக்கிடையே ஊர்தியேறித் திரியும் வீரர்களாகவும், தவத்தால் பெற்ற சக்தியைக் கொண்டு தொடாமலே பொருளை அசைக்கும் யோகிகளாகவும் தங்களைப் பாவித்துக்கொண்டு, அந்தப் பாத்திரங்களின் வாயாலேயே இரவு முழுவதும் பேசிக் கழிக்கிற விளையாட்டு ஒன்று மேனாடுகளில் ஐம்பது ஆண்டுகளாக வேரூன்றி வருகிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974ஆம் ஆண்டில் 'டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற பெயரில் இதற்கு முதல் விதிநூலை வெளியிட்டனர். பிறகு, 1977இல் வந்து உலகையே மயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தைத் தழுவி, வெஸ்ட் எண்ட் கேம்ஸ் என்ற நிறுவனம் 1987இல் ஒரு விதிநூல் அச்சிட்டபோது, ஒளிவாள் ஏந்தி மனோசக்தியால் போரிடும் ஜெடாய் என்னும் வீரர்களின் வேஷம், ஒரு தாளில் எழுதிக்கொண்டு எவரும் பூணக்கூடியதாயிற்று.

இதைக் கேள்விப்படும் நம்மவர், 'விஞ்ஞானமும் மாயமும் கலந்த இத்தகைய கற்பனை நமக்கு அந்நியம்' என்று எண்ணுவது சகஜம். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. மாய வீரன் ஒருவனின் வேஷத்தை வேறொருவன் பூண்டு பேசுவதும், அந்த வேஷத்துக்கு எல்லை வகுப்பதும், இயங்கும் யந்திரப் பாவை ஒன்றை அவன் கதைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைப்பதும் தமிழ்நாட்டின் ஒரே மலையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் காரியங்கள். அந்த மலை கொல்லிமலை.

நாமக்கல் மாவட்டத்தில், சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, சமவெளியிலிருந்து சுவர் எழுப்பினாற்போல் நிமிர்ந்து, உச்சியில் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பரந்து கிடக்கும் இந்த மலைக்குக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். மேலே வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து மலையாளி மக்கள் வாழ்கிறார்கள். மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. கேரளத்தாரோடு அவர்களுக்குச் சம்பந்தமில்லை. மிளகும் காபியும் அன்னாசியும் பலாவும் விளைகின்றன. பேருந்தை விட்டு இறங்கியதும், முடவாட்டுக்கால் கிழங்கைத் தோல் சீவி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த சூப்பை நீட்டுகிறார்கள். செடிகொடி இல்லாத பாறையில் பற்றிப் படரும் அந்தக் கிழங்கு, மயிர் போர்த்து ஆட்டுக்காலைப் போலவே இருப்பதால், மரக்கறி உணவே கொள்வோர் முதலில் சற்றுத் தயங்கிப் பிறகு இரண்டாம் குவளையும் கேட்பதைப் பார்க்கலாம்.

சங்க காலத்தில் இந்த மலைக்குத் தலைவன் ஓரி. வல்வில் ஓரி என்று அவனை வழங்குவர். சிறுபாணாற்றுப்படை எண்ணும் வள்ளல்கள் எழுவரில் அவனும் ஒருவன். அவனைப் பற்றி வன்பரணர் என்னும் புலவர் பாடிய பாட்டு புறநானூற்றில் 152ஆம் பாட்டாக இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த பிறகே அது பொதுமக்கள் கைக்கு வந்தது. இந்தப் பாட்டில் நடக்கும் காரியத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

காட்டு வழியே ஒரு பாணர் கூட்டம் வருகிறது. அவர்கள் கண்முன்னே ஒருவன் அம்பு ஒன்றை எய்கிறான். அந்த அம்பு முதலில் யானையை வீழ்த்துகிறது. அதை ஊடுருவிச் சென்று பெருவாய்ப் புலியைக் கொல்கிறது. பிறகு புள்ளிமான் கலையை உருட்டுகிறது. அப்பால் காட்டுப்பன்றியைச் சாய்க்கிறது. கடைசியில் பக்கத்திலிருந்த ஆழமான புற்றுக்குள் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைத்து நிற்கிறது. எய்தவன் யாரென்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. ஊன் விற்றுப் பிழைப்பவனாகத் தோன்றவில்லை. செல்வ வளம் உடையவனாகத் தோன்றுகிறான். மார்பில் ஆரம் கிடக்கிறது. ஓரிதானோ, அல்லனோ என்று பாணர் தலைவன் ஐயுறுகிறான். உடனே விறலியரை அழைத்து, முழவுக்கு மண் பூசுங்கள், யாழைப் பண்ணுறுத்துங்கள், யானைக் கை போன்ற தூம்பை ஊதுங்கள், எல்லரியும் ஆகுளியும் ஒலிக்கட்டும், பதலையின் ஒரு முகத்தை மெல்லத் தட்டுங்கள் என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஆணையிடுகிறான். கச்சேரி நடக்கிறது. முறைப்படி இருபத்தொரு துறையும் பாடி முடித்து, வேடனைத் தலைவனே என்று விளிக்கிறார்கள். அவன் நாணுகிறான்; அது அவனுக்கே உரிய பெயராயிற்றே! நாடு நாடாகத் திரிந்து வருகிறோம், உன்னை ஒத்த வேடரை எங்கும் கண்டதில்லை என்று இவர்கள் சொல்லத் தொடங்க, வேண்டியது இன்னதென்று கேட்கக்கூட விடாமல், வேட்டையில் கிடைத்த மானின் தசையும், உருக்கிய நெய் போன்ற மதுவும், தன் மலையிலேயே பிறந்த பொன்னும் மணியும் கலந்து அள்ளிக் கொடுக்கிறான். தன் பெயரை மட்டும் சொல்லவில்லை.

அம்பைப் பற்றி ஒரு வார்த்தை. இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. நடக்காது என்பதே என் எண்ணமும். ஆயினும் புலவர் அந்த விலங்குகளை அடுக்கிய வரிசையில் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஏறத்தாழ உருவில் சிறிதாகிக்கொண்டே வருகிறது. அம்பின் வேகமும் அந்த அளவில் குறைந்துகொண்டே வந்து, இறுதியில் ஒரு புற்றுக்குள் போய் ஓய்ந்துவிடுகிறது. அற்புதத்தைச் சொல்லும்போதே அதற்கு ஒரு கணக்கையும் வைத்துச் சொல்லுகிறார். உடும்பைத் தாண்டியும் அம்பு போயிற்று, மலையைப் பிளந்தது, கடலைக் கலக்கிற்று என்று அவர் பாடியிருக்கலாம். பிற்காலத்துக் கவிராயர்களில் சிலர் அப்படித்தான் பாடியிருப்பார்கள். வன்பரணர் பாடவில்லை. அம்பு நின்றபடியால்தான் எய்தவன் மனிதனாக நமக்குத் தெரிகிறான். மேசை விளையாட்டுக்கு விதி எழுதியவர்கள், எந்த வீரனின் எந்தச் சக்திக்கும் இத்தனை பகடை, இத்தனை இலக்கம் என்று அளவு கட்டியதும் இதே காரணத்தால்தான். அளவில்லாத சக்தி உடையவனிடம் சுவாரஸ்யம் இல்லை. அவனுக்கு என்ன நேருமோ என்று நாம் கவலைப்பட இடமில்லை.

இனி, இந்தப் பாட்டில் எத்தனை வேஷங்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். பாடியவர் வன்பரணர் என்ற புலவர். பாட்டில் பேசுகிறவனோ பாணர் கூட்டத்தின் தலைவன். ஆகவே புலவர் பாணனாகிறார். எதிரே நிற்கிறவன் அரசன். ஆனால் வேடனாக நிற்கிறான். அரசனை அறிந்திருந்தும் அறியாதவர்போல் பாடுகிறார் புலவர். அறியப்பட்டும் அறியப்படாதவன்போல் கொடுக்கிறான் அரசன். இருவருக்கும் இது நாடகம் என்று தெரியும். தன்னை மறைத்துப் பிறர் வாயால் பேசுவது சங்கப் புலவர்களுக்கு அன்றாடத் தொழில்; அகப்பாட்டு முழுவதும் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் புலவன் பேசுவதுதானே? அங்கே தலைவனுக்கோ தலைவிக்கோ இயற்பெயர் சூட்டலாகாது என்று தொல்காப்பியம் விதியே வகுத்திருக்கிறது. அந்த விதியை வன்பரணர் புறப்பாட்டின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரே பாடிய அடுத்த பாட்டில் ஓரியிடம் பரிசில் பெற்ற கூத்தரும் பாணரும், பசி தீர்ந்துபோன காரணத்தால் ஆடலையும் பாடலையும் மறந்து கிடக்கிறார்கள். கலைஞனை நிறைய உண்ணவைத்தால் கலை என்னாகும் என்ற பழைய கேள்விக்கு, அரசனைப் புகழும் பாட்டிலேயே இப்படி ஒரு குறும்பான பதில்!

ஓரியின் முடிவு இனிமையானதன்று. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, சேரனுக்காக அவனோடு போரிட்டான். காரியின் குதிரைக்குக் காரி என்றும், ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர். இந்த விசேஷத்தைச் சிறுபாணாற்றுப்படை சொல்லுகிறது. ஓரி இறந்தான். அவன் ஊர்த் தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் ஒரு குடும்பச் சச்சரவுக்கு உவமையாக்கியிருக்கிறார். மலை சேரர் கைக்கு மாறிற்று என்பது அகநானூற்றுச் செய்தி. அதன் பிறகு கொல்லியின் தலைவன் என்ற பட்டத்தை ஒருவர் மாற்றி ஒருவர் அணிந்துகொண்டார்கள். பல நூற்றாண்டுகள் கழித்துப் பெருமாள் திருமொழி பாடிய குலசேகர ஆழ்வாரும் தம்மைக் கொல்லி காவலன் என்று சொல்லிக்கொள்ளுகிறார். வில்லெடுத்து வேட்டையாடிய மலைத்தலைவனின் பெயர், அரங்கனை நினைந்து உருகிய பக்தரின் விருதாயிற்று.

கொல்லிமலைக்கு ஓரியைவிடப் பெரும்புகழ் தேடித் தந்தவள் ஒருத்தி, உயிரில்லாத ஒருத்தி. கொல்லிப்பாவையைச் சொல்லுகிறேன். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அகநானூற்றிலும் பரணர், கபிலர் முதலிய புலவர்கள் தலைவியின் அழகுக்கு உவமை தேடும்போது, கொல்லிமலையில் பூதம் இயற்றிய, தெய்வம் காக்கும் பாவையிடம் வந்து நிற்கிறார்கள். கடுங்காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலம் அதிர்ந்தாலும் தன் வடிவு திரியாத பாவை என்று அவளைச் சிறப்பிக்கிறது நற்றிணைப் பாட்டு ஒன்று. இதில் கொலை எதுவும் இல்லை. அழகும் உறுதியுமே இருக்கின்றன. பிற்கால வழக்கில்தான் அவள் யந்திரமாகிறாள். தேவரும் முனிவரும் அசுரரிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள அவளை அமைத்தனர் என்றும், அசுர வாடை பட்டால் அவள் கண் அசையும், கை நீளும், முகம் மலர்ந்து சிரிக்கும் என்றும், அந்தச் சிரிப்பில் மயங்கி நெருங்கியவன் மாள்வான் என்றும் சொன்னார்கள். மலையிலே எட்டுக்கை அம்மன் கோயிலில் எழுந்தருளியிருப்பவள் அவளே என்று இன்று பூஜை நடக்கிறது.

நம்மவர்க்குப் பொறி என்பது புதுச் சரக்காக இருந்திருந்தால் இந்தக் கற்பனை இவ்வளவு எளிதாக வளர்ந்திராது. மதுரைக் கோட்டை மதிலில் தானே வளைந்து எய்யும் வில்லும், குரங்கு வடிவில் இருந்து கடிக்கும் பொறியும் இருந்தன என்று சிலப்பதிகாரம் வரிசையாக எண்ணுகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் கர்ப்பவதியான மனைவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி வானவழியே அனுப்புகிறான். பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடித்தது, உள்ளே வீரர்களை ஒளித்துவைத்த யந்திர யானை. வீணைக்கு யானைகளை வசப்படுத்தும் வித்தை கற்ற உதயணன் ஒரு பொய்யானையிடம் ஏமாந்து போவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். மெய்யான மந்திரவாதி மாட்டிக்கொண்டது மெய்யான விஞ்ஞானத்திடம்.

இங்கே மேனாட்டார் ஒருவரைப் பிரஸ்தாபிக்க வேண்டும். எம். ஏ. ஆர். பார்க்கர் என்பவர் அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் உருதுவும் தெற்காசிய விஷயங்களும் கற்பித்த பேராசிரியர். உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல் எழுதியவர். 1975இல் அவர் 'எம்ப்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' என்ற பெயரில் மேசை விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். அதில் வரும் தேகுமேல் என்ற கிரகத்தில் மனிதர் வெகுகாலத்துக்கு முன் விண்வழியே வந்து குடியேறினார்கள். ஒரு பிரளயம் போன்ற விபத்தில் அந்தக் கிரகம் பிற விண்மீன்களின் தொடர்பு அறுந்து தனித்துப் போயிற்று. முன்னோர் செய்த யந்திரங்கள் அங்கங்கே கிடக்கின்றன. அவற்றின் சாஸ்திரம் மறந்துபோனபடியால் பின்னோர் அவற்றை மந்திரப் பொருளாகவே கையாளுகிறார்கள். கொல்லிப்பாவையின் கதியும் இதுதான், திசைதான் நேர்மாறு. அங்கே யந்திரம் மறந்து மாயமாயிற்று. இங்கே தெய்வ வடிவாக இருந்த பாவை, காலம் செல்லச்செல்ல, கண்ணும் கையும் அசையும் யந்திரமாயிற்று.

மலையில் மாயத்துக்கு வேறு வாரிசுகளும் உண்டு. அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து படி இறங்கிச் சென்றால் ஆகாயகங்கை அருவி. அதன் பக்கத்துக் குகைகளில் கோரக்கரும் காலாங்கிநாதரும் தவம் செய்ததாகச் சொல்லுவர். அந்தச் சித்தர்கள் வில்லைத் தொட்டவர்களல்லர். மூலிகையும் மூச்சும் அவர்கள் ஆயுதம். அப்பர் வாக்கிலே இடம்பெற்ற பழந்தலம் அறப்பள்ளி. அம்பலவாணக் கவிராயர் அதன் இறைவன்மேல் ஒரு சதகமே பாடிவைத்தார். மலையாளி மக்களின் பூர்வகதையையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகிய மூன்று மலைகளிலும் பரவினார்கள் என்ற அந்தக் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளிவந்த தம் பெரிய நூலில் பதிந்துள்ளார். சமவெளியில் வாழ்ந்தவர்கள் மலையேறிக் குடியமர்ந்தார்கள் என்பதே அதன் சாரம்.

வில்லும் தவமும் ஒரே ஆளிடம் சேர்ந்து நிற்பதைக் காண, மலையடிவாரத்துச் சமவெளிக்கு இறங்கிவர வேண்டும். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கங்களிலும் வடதமிழ்நாட்டு மாவட்டங்களிலும் ஆடப்பெறும் தெருக்கூத்தில் 'அர்ச்சுனன் தபசு' என்ற கூத்துக்குத் தனி மதிப்பு உண்டு. கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் பதித்தவை. அந்த மரத்துக்குக் கனம் குறைவாதலால் விடிய விடிய ஆடினாலும் கழுத்து தாங்கும். முகத்துக்கு அரிதாரம், காலுக்குக் கச்சை கட்டிச் சலங்கை. இரண்டு பேர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரன் முதலில் குரலை மட்டும் காட்டுவான்; கால் சலங்கை திரைக்குக் கீழே தெரியும்; முகவீணை எடுத்துக்கொடுக்கும்; மத்தளம் அடவுக்கு அழைக்கும். திரை விலகியதும் தான் இன்னார், இன்னாருக்குப் புத்திரன், இன்ன காரியத்துக்கு வந்திருக்கிறேன் என்று பாடிச் சொல்வான். கட்டியக்காரன் — சில ஊர்களில் கோமாளி என்பர் — குறுக்கிட்டு, 'எந்த ஊரு ராசா? வரி கட்டியாச்சா?' என்கிற பாணியில் கேள்வி கேட்டுச் சபையைச் சிரிக்கவைப்பான். இந்தக் கேள்விக்கு வேஷக்காரன் பாத்திரமாகவே நின்று பதில் சொல்லியாக வேண்டும். ஆளாக மாறிச் சிரித்துவிட்டால் வாத்தியார் சும்மா விடமாட்டார்.

கூத்தின் உச்சம் தபசு மரம். நெட்டையான பனைமரமோ கம்பமோ நாட்டி, அதில் ஏணிபோல் குறுக்குக் கட்டைகள் செருகி, உச்சியில் சிறு பலகை அமைத்திருப்பார்கள். அர்ச்சுன வேஷம் பூண்டவர் ஒரு படிக்கு ஒரு விருத்தமாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே ஊர் முழுவதும் அண்ணாந்து நிற்கும். அவர் விரதம் இருந்து, காப்புக் கட்டிக்கொண்டு வந்தவர். ஏறிய பிறகு அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. உச்சியை அடைந்து, வில்லும் கையுமாக நின்று சிவனைத் துதித்துவிட்டு, தோள்பையிலிருந்து திருநீறும் பூவும் எலுமிச்சம்பழமும் எறிவார். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்திக் காத்திருப்பார்கள்.

அந்தத் தவத்தின் பலன் என்ன? அர்ச்சுனனைக் கொல்ல மூகன் என்ற அசுரன் பன்றியாக வருகிறான். அர்ச்சுனன் அம்பு விடுகிறான். அதே கணத்தில் வேடன் ஒருவனும் அம்பு விடுகிறான். யார் அம்பு கொன்றது என்று வாக்குவாதம் முற்றி, வில்போர் மற்போராகி, அர்ச்சுனன் தோற்ற பிறகே அந்த வேடன் சிவன் என்று தெரிகிறது. தவத்தின் பலனான பாசுபத அஸ்திரம் கிடைக்கிறது. காடு, பன்றி, அம்பு, பெயர் சொல்லாத வேடன், கடைசியில் கை நிறையக் கொடை! வன்பரணர் கண்ட காட்சிக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் கூத்துக்களரியில் வேடன் வரவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓரியின் நினைவு வராமல் இருப்பதில்லை. மாய வீரனுக்கு நம் நாட்டார் வகுத்த இலக்கணம் இதுபோலும்: உண்மையான வலிமை உடையவன் தாழ்ந்த வேஷத்தில் வருவான், எதிரே நிற்பவன் தன் தகுதியைக் காட்டிய பிறகே தன்னைக் காட்டுவான், அல்லது காட்டாமலே போய்விடுவான்.

காவிரிக்கு அப்பால் மணப்பாறைப் பக்கத்து வீரப்பூரில் வேஷம் இன்னும் ஆழமாக இறங்குகிறது. பொன்னர் சங்கர் என்னும் அண்ணன்மார் கதை கொங்குநாடெங்கும் பாடப்படுவது; பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆராய்ச்சியாளர் 1965இல் ஒரு பாடகர் வாய்மொழியாக அதை முழுவதும் ஒலிப்பதிவு செய்து பின்னர் நூலாக்கினார். மாசித் திருவிழாவில் படுகளம் நடக்கும்போது, வீரர்களாகத் தம்மைக் கொண்டவர்கள் சந்நதம் வந்து களத்தில் மாண்டவர்களாக விழுந்து கிடப்பார்கள். அவர்கள்மேல் தீர்த்தம் தெளித்து எழுப்புவது விழாவின் முக்கிய அங்கம். மேசை விளையாட்டில் தன் பாத்திரம் மாண்டால் ஆட்டக்காரன் வேறொரு தாள் எடுத்துக்கொள்ளுகிறான். படுகளத்தில் விழுந்தவனுக்கு வேறு தாள் கிடையாது. அவனையே எழுப்பியாக வேண்டும்.

ஜெடாய் வேஷத்துக்கு 1987ஆம் ஆண்டு விதிநூல் இட்ட வேலி ஒன்று என் கவனத்தைக் கவர்ந்தது. மனோசக்தி மூன்று வகை: தன்னை அடக்குதல், புறத்தை உணர்தல், புறத்தை மாற்றுதல். முதலாவது தன்னடக்கம் என்பதைப் பார்த்தால் எந்தச் சித்தரும் ஆட்சேபிக்கமாட்டார். அந்தச் சக்தியைத் தீமைக்குப் பிரயோகிக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரன் கணக்கில் ஓர் இருட்புள்ளி ஏறும். பகடை உருட்டிப் பார்ப்பார்கள். புள்ளி பெருகப் பெருகத் தப்பும் வழி குறையும். பகடை எதிராக விழுந்த அன்று அந்தப் பாத்திரத்தை ஆட்டத்தை நடத்துபவர் பிடுங்கிக்கொள்வார். தீயவனாக விளையாட அனுமதி இல்லை என்பதே இதன் கருத்து.

நம் கூத்து இந்த இடத்தில் நேர் எதிரான வழியில் போகிறது. துரியோதன வேஷத்தைப் புதுப் பையனிடம் கொடுக்கமாட்டார்கள். அடவும் குரலும் முதிர்ந்த மூத்த ஆட்டக்காரருக்கே அந்தக் கிரீடம். துகிலுரிதல் கட்டத்தில் துச்சாதன வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, திரௌபதியம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகே சேலையில் கை வைப்பார். பாரதக் கூத்தின் பதினெட்டாம் நாள் களிமண்ணால் ஊர்ப் பொதுவிடத்தில் படுத்த கோலமாகப் பெரிய துரியோதனனை வடித்து, அதன்மேலேயே வீமனும் துரியோதனனும் ஓடி ஆடித் தொடையடிப்பார்கள். தீமையை ஆடுவதால் ஆடுகிறவன் கெட்டுப்போவதில்லை, ஆடத் தெரியாமல் ஆடினால்தான் கெடுவான் என்பது நம்மவர் எண்ணம். இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. விதியால் கட்டுவதைவிடக் கற்பூரத்தால் கட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பாரதமே ஒரு பகடையாட்டத்தால் விளைந்த வினை என்பதையும் மேசை விளையாட்டுக்காரர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலைச் செம்மேட்டில் தமிழ்நாடு அரசு வல்வில் ஓரி விழாவை நடத்துகிறது. அங்கே ஓரிக்குச் சிலை உண்டு, மாலை சாத்துகிறார்கள். மலர்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. விற்போட்டியும் உண்டு, பல ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் நவீன வில்லைக் கொண்டு வைக்கோல் பலகையில் ஒட்டிய வட்டத்தைக் குறிபார்க்கிறார்கள். ஆடிப்பெருக்குக்கு வந்த கூட்டம் அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு அதையும் எட்டிப் பார்க்கிறது.

விழா மேடையில் புறநானூற்றுக் காட்சியையே கூத்தாக ஆடினால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். ஆடத்தான் வேண்டும். ஆனால் வாத்தியாருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. திரை விலகியதும் பெயர் சொல்லிப் பிரவேசிப்பது கூத்தின் நியமம். மேசை விளையாட்டுத் தாளிலும் முதல் வரி பாத்திரத்தின் பெயர்தான். ஓரியோ கடைசிவரை பெயர் சொல்லாத பாத்திரம். 'வல்வில் ஓரி வந்தேனே' என்று அவன் பாடிய கணத்திலேயே வன்பரணரின் பாட்டு செத்துவிடும். இதற்கு அர்ச்சுனன் தபசிலிருந்தே உபாயம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே சிவன் வேடனாக வரும்போது தன்னைச் சிவன் என்று சொல்லிக்கொள்வதில்லை. காட்டு வேடன் என்றே வாதாடுகிறான், சபைக்கு மட்டும் எல்லாம் தெரியும். அந்த வரவின் சந்தத்தையே ஓரிக்குக் கொடுத்து, கட்டியக்காரனைப் பாணர் தலைவனாக்கி, 'யாரப்பா நீ, ஊன் விற்கிறவனா?' என்று அவனை விட்டுக் கேட்கச் செய்யலாம். வேடன் பதில் சொல்லாமல் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, உடும்பு கிடந்த புற்றைத் தோண்டப் போகட்டும். பின்பாட்டுக்காரர்கள் ஓரியின் புகழை எடுத்தால், எந்த அடியில் அவன் தலைகுனிய வேண்டும் என்பதை மத்தளக்காரர் பார்த்துக்கொள்வார்.